ஒருவருக்காக எல்லோரும் நின்ற மத்தியானம்

சர்வர் அறைக்குள் போனால் எனக்குக் கண் சொக்கும். வேலையில் இருந்த காலத்தில் இதை வெளியே சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்று, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து, மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு யாரைக் கண்டு பயம்? அந்தக் குளிரும், விசிறிகளின் ஒரே சீரான இரைச்சலும், பச்சை விளக்குகளின் சிமிட்டலும் சேர்ந்து ஆளைத் தாலாட்டும். உங்களில் சிலருக்கும் அப்படி இருக்கலாம், வெட்கப்படாதீர்கள். ஆனால் என்னைக் காரணம் காட்டி மேலாளரிடம் தூங்க அனுமதி கேட்டுவிடாதீர்கள்.

அந்த மேலாளர்தான் இதை எழுதச் சொன்னது. உங்களுக்கு அவர் மேடம். எனக்கு ரஹிமா. "புதுசா ஆளுங்க சேர்ந்திருக்காங்க அண்ணே, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க," என்றாள். எந்தக் கட்டளையை எங்கே தட்ட வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதையே நான் மறுபடி எழுதினால் நீங்களும் என்னைப் போலவே சொக்கிவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றிச் சொல்கிறேன். இத்தனை வருட வேலையில் என் கனவில் இன்னும் வருவது அதுதான்.

எங்கள் மருத்துவமனை பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் இருந்தது. பெயர் வேண்டாம். கீழ்த்தளத்துக் கணினி அறையில் ஓர் இரும்புப் பெட்டி. வெளியே பார்த்தால் ஒரே கணினி, உள்ளே மூன்று கணினிகள் குடித்தனம் நடத்தின. மெய்நிகர் கணினிகள் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். முதலாவதில் மருத்துவர்கள் ஸ்கேன் படங்களைத் திறந்து பார்த்தார்கள். இரண்டாவது, தூரத்து மருத்துவமனைகளோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு. மூன்றாவது ரஹிமாவின் பொறுப்பு. பழைய படப்பெட்டி ஒன்றில் பல வருடத்து எக்ஸ்ரேக்கள் கிடந்தன. அவற்றை அந்தக் கணினி வழியாகப் புதிய இடத்துக்கு அவள் மாற்றிக்கொண்டிருந்தாள். மூன்று கணினிகளுக்கும் வாசல் ஒன்றுதான், நெட்வொர்க் கேபிள் செருகுகிற அடாப்டரில் ஒரே போர்ட்.

அந்தப் பழைய படப்பெட்டி தன் கடைசிக் காலத்தில் இருந்தது. அனுப்புகிற தகவல் துண்டுகளில் ஒன்று வழியில் விழுந்தாலும் மறுபடி அனுப்பத் தெரியாத பழைய ரகம். நடுவில் நின்றால் மறுபடி எழும்புமா என்பதும் சந்தேகம். ரஹிமா சூலியா தெருப் பக்கம் சாப்பாட்டுக்கடை நடத்தியவரின் மகள். கடைக்கு வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள். அந்த எக்ஸ்ரேக்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். ஒவ்வொரு படமும் அவளுக்கு ஓர் ஆள்.

வேலை தொடங்குவதற்கு முன்னால் எங்கள் இயக்குநர் ஒரு கூட்டம் போட்டார். நல்ல மனிதர், பக்திமான். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தேரோடு வெறுங்காலில் நடப்பவர்.

"ஒரு படம்கூட தொலையக் கூடாதுலா," என்றார். "நம்ம தேரு எப்பிடிப் போவுது? ஒரே ஒரு வீட்டுக்காரங்க தட்டோட நின்னாக்கூட தேரு நிக்குது இல்லியா? யாரையாச்சும் விட்டுட்டுப் போவுதா? அந்த மாதிரி செய்யுங்க."

பினாங்குத் தேரைப் பார்க்காதவர்கள் உங்களில் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். டவுனில் விடியலில் புறப்படும் தேர் மலையடிவாரம் போய்ச்சேர ஒரு முழுப்பகல் ஆகிவிடும். வழியெல்லாம் யார் அர்ச்சனைத் தட்டோடு நின்றாலும் தேர் நிற்கும், பின்னால் வருகிற மொத்தத் தெருவும் நிற்கும். யாரும் முகம் சுளிப்பதில்லை. பந்தலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு, உடைந்த தேங்காய்களின் நடுவே கதை பேசிக்கொண்டு நிற்போம். எனக்கு அந்த நிற்றல் ரொம்பப் பிடிக்கும். அதனால் இயக்குநர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் இனித்தது.

அதற்கான வசதி அடாப்டரிலேயே இருந்தது. உள்ளே வருவதை வாங்கி வைக்க இடம் போதவில்லை என்றால், அடாப்டர் கேபிளின் மறுமுனையிலிருந்து தகவலை அனுப்பும் ஸ்விட்சுக்கு 'கொஞ்சம் பொறு' என்று ஒரு குட்டிச் செய்தி அனுப்பும். ஸ்விட்ச் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இடம் வந்ததும் மறுபடி அனுப்பும். எதுவும் கீழே விழாது. இயக்குநர் சொன்னபடி ரஹிமா அதை இயக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு மருத்துவமனையில் ஒரு விநோதமான அமைதி வந்துபோக ஆரம்பித்தது. ஒரு மருத்துவர் படத்தைத் திறப்பார், அது பாதியில் நிற்கும். மவுஸ்மேல் வைத்த கை அப்படியே இருக்கும். இன்னோர் அறையில் பேசிக்கொண்டிருந்தவரின் முகம் திரையில் உறைந்து நிற்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் ஓடும். மழைக்காலத்து மத்தியானத்தில் ஊரே ஒரு மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டதுபோல் இருக்கும். உண்மையைச் சொன்னால், அது அழகாக இருந்தது. எக்ஸ்ரே பிரிவில் இருந்தவர்கள் என்னைக் கண்டால், "அண்ணே, உங்க கம்ப்யூட்டருக்கும் உங்கள மாதிரியே மத்தியானத்துல தூக்கம் வருதுலா," என்று சிரிப்பார்கள்.

ஆனால் நாங்கள் தேடாமல் இல்லை. திரையில் எல்லாம் பச்சை. பிழை இல்லை, எந்தத் துண்டும் விழவில்லை. போர்ட்டில் போக்குவரத்தும் குறைவு. இரும்புப் பெட்டியை விற்ற நிறுவனத்தில் கேட்டால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க," என்றார்கள். இந்த ரீஸ்டார்ட் ஆசாமிகளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் வீட்டை இடித்துக் கட்டச் சொல்வார்கள். கடைசியில் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும் இணைப்பில்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பாலத்தில் வண்டி நெரிசலைப் பார்த்துப் பார்த்து, கேபிளிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

அந்த மத்தியானம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாடியிலிருந்து நரம்பியல் மருத்துவர் கூப்பிட்டார். அந்த அம்மா சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் சத்தமாகப் பேசவில்லை.

"அண்ணே, மேல வாங்க. இப்பவே."

ரஹிமாவைக் கீழே கணினி அறையில் விட்டுவிட்டு, ஹேன்ட்ஃபோனில் அவளை அழைப்பில் வைத்துக்கொண்டே படியேறினேன். மருத்துவரின் அறையில் இரண்டு திரைகள். ஒன்றில் பெருநிலத்தில் ஜுரு பக்கத்துச் சின்ன மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவு, கட்டிலில் ஐம்பதை ஒட்டிய ஒரு பெண். இடது கைப்பக்கம் ஒரு தாதி நின்றிருந்தார். இன்னொரு திரையில் அந்தப் பெண்ணின் மூளை ஸ்கேன் வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கால்வாசியில் நின்றிருந்தது.

"இவங்க பேரு பத்மா," என்றார் மருத்துவர். "ஜுருல காடி சாமான் கடை, கார் உதிரி பாகம் விக்கிற கடை வச்சிருக்காங்க. வாடிக்கையாளர்கிட்ட வெல பேசிக்கிட்டு இருக்கும்போதே வாய் கோணிருச்சாம். பேச்சு வரல. மூளைல அடைப்பா, ரத்தக் கசிவான்னு எனக்குத் தெரியணும். அடைப்புன்னா ஊசி போட்டா பேச்சு திரும்பலாம். கசிவா இருந்து ஊசி போட்டா உயிருக்கே ஆபத்து. படம் வராம நான் சொல்ல முடியாது."

"ஹேன்ட்ஃபோன்ல படம் புடிச்சு..."

"அனுப்புனாங்க. திரைல வெளிச்சம் அடிக்குது. அதை நம்பி நான் ஒரு உயிர்ல கை வைக்க மாட்டேன். இங்க கொண்டு வரலாம்னா பாலம் மழைல நிக்குது. நேரம் போகப் போக மூளைல ஒவ்வொரு பகுதியா செத்துக்கிட்டு வரும் அண்ணே. போனது திரும்பாது."

நான் பத்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் கேட்டது. கண்கள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் இத்தனை பேர் தன்னைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, தனக்கு மட்டும் பேச்சு வராத அந்தப் பயம் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மருத்துவர் திரையை நோக்கிக் குனிந்தார். "அக்கா, உங்க பேரு என்னா? மெதுவா சொல்லுங்க."

பத்மாவின் உதடு அசைந்தது. "பத்..."

அதோடு நின்றது. முகமும் நின்றது. தாதியின் கை அந்தரத்தில் நின்றது. அறையில் மழைச்சத்தம் மட்டும்தான்.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, இது அவங்க நின்னதா, உங்க லைன் நின்னதா?"

ஒரு பெண்ணின் பேச்சு எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று கணிக்க வேண்டிய இடத்தில், எங்கள் கேபிள் குறுக்கே வந்து அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. பதற்றத்தில் ஆளுக்கு ஆள் எதையாவது தட்டத் தோன்றும். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது சர்வர் அறையில் வருகிற அதே சொக்கல்தான். எதையும் தொடாமல் இரண்டு திரைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் அசைந்தது, படமும் ஒரு கோடு கீழே இறங்கியது. முகம் நின்றது, படமும் நின்றது. இரண்டும் ஒன்றாகவே நின்றன, ஒன்றாகவே ஓடின.

இரண்டும் பெருநிலத்திலிருந்து வருபவை. அப்படியென்றால் எல்லோரும் சொன்ன இணைப்புக் கோளாறாகவும் இருக்கலாம். ஹேன்ட்ஃபோனில் கேட்டேன்.

"ரஹிமா, ஒன் பழைய பொட்டிலேர்ந்து வர்றது இப்போ ஓடுதா?"

"நின்னுருச்சு அண்ணே." ஒரு மூச்சு நேரம். "ஆங், இப்போ ஓடுது."

அவள் 'ஓடுது' என்று சொன்ன அதே கணம் பத்மாவின் கண் இமை அசைந்தது. பழைய பெட்டி கீழ்த்தளத்தில், ரஹிமாவின் காலடியில் இருக்கிறது. அதன் படங்கள் எந்தப் பாலத்தையும் கடந்து வருவதில்லை. மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று, எங்கள் போர்ட்.

"ரஹிமா, தேரு நிக்குது."

"எந்தத் தேரு அண்ணே?"

"நம்ம போர்ட்டு. பழைய பொட்டி அனுப்புற வேகத்துக்கு ஒன் கணினியோட டிஸ்க்குல எழுத முடியல. ரொம்பிப் போனதும் அடாப்டரு 'கொஞ்சம் பொறு'ங்குது. யாருக்கு வர்றத நிப்பாட்டணும்னு ஸ்விட்சுக்குத் தெரியாதுலா. அந்த வாசல்ல வர்ற மொத்தத்தையும் நிப்பாட்டுது."

அதனால்தான் எல்லாம் பச்சையாக இருந்தது. எதுவும் தொலையவில்லை, யாருக்கும் எதுவும் போய்ச் சேரவும் இல்லை. நிற்கிற தெருவில் விபத்து எப்படி நடக்கும்?

'பொறு' என்பதை நிறுத்திவிட்டால் மற்ற இரண்டும் உடனே ஓடும். ஆனால் ரஹிமாவின் கணினி ஏற்க முடியாத துண்டுகள் கீழே விழும். பழைய பெட்டிக்கு விழுந்ததை மறுபடி அனுப்பத் தெரியாது. மாற்றும் வேலை பாதியில் முறியும்.

"எக்ஸ்ரே மாத்துறத மட்டும் ஒழுங்கா நிப்பாட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

"கையில இருக்குற பகுதியை முடிச்சாத்தான் நிக்கும் அண்ணே. இந்த வேகத்துக்கு சாயங்காலம் ஆயிரும்."

"நடுவுல முறிஞ்சா பொட்டி மறுபடி எந்திரிக்குமா?"

"தெரியல."

மேலே இருந்த கணினியிலிருந்து நானே அந்தப் 'பொறு' என்பதை நிறுத்தியிருக்கலாம். அதிகாரம் எனக்கு இருந்தது. ஆனால் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தவள் அவள். அவளுக்குத் தெரியாமல் அதைக் கீழே போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திரையில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொன்னேன். "இங்க ஒரு அக்கா தன்னோட பேரைச் சொல்ல முயற்சி பண்றாங்க ரஹிமா. பாதி பேருதான் வருது."

அந்தப் பக்கம் விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. அது கேபிளின் மௌனம் இல்லை, அவளுடையது. நான் அவசரப்படுத்தவில்லை.

"நானே எடுத்துடறேன் அண்ணே," என்றாள். "நீங்க தொடாதீங்க. நானே எடுத்துடறேன்."

படம் மளமளவென்று இறங்கியது. மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, படத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "கசிவு இல்ல. அடைப்புதான். ஊசி போடுங்க," என்றார் தாதியிடம். பிறகு பத்மாவிடம் மறுபடி பேரைக் கேட்டார்.

"பத்..." நீண்ட இடைவெளி. ஆனால் இந்தத் தடவை தாதியின் கை அசைந்துகொண்டிருந்தது, பின்னாலிருந்த திரைச்சீலை ஆடியது. "இது அவங்களோடதுதான்," என்றார் மருத்துவர் மெதுவாக. "நல்லது. இப்போ உண்மை தெரியுது."

நான் கீழே இறங்கிப் போனபோது ரஹிமா பழைய பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதன் விளக்குகள் அணைந்திருந்தன. அது மறுபடி எழும்பவே இல்லை. புதிய இடத்துக்கு வந்து சேராமல் போன படங்களும் வரவே இல்லை.

இயக்குநர் எங்களை அழைத்தார். "யாரு நிப்பாட்டச் சொன்னது?" என்று கேட்டார். "நான்தான்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. நடந்ததை ரஹிமா ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"தேரு மாதிரின்னு சொன்னது நான்தானே," என்றார் இயக்குநர். பிறகு, "தேருக்குப் பின்னால ஆம்புலன்ஸ் வந்தா என்னா ஆவும்?" என்று எங்களையே கேட்டார்.

"வழி விடுவாங்க சார்," என்றாள் ரஹிமா. "எங்க கடை வாசல்லேர்ந்து பாத்திருக்கேன். அவ்ளோ கூட்டத்துலயும் எப்பிடியோ ஒரு பாதை தொறக்கும்."

அதைத்தான் பிறகு செய்தோம். அதே போர்ட்டுக்குள் பாதைகளைப் பிரித்தோம். 'பொறு' என்று கேட்பவரின் பாதை மட்டும் நிற்கும், மற்றவை ஓடும். மூன்று கணினிகளும் இவ்வளவுதான் வாங்கலாம் என்று அளவும் வைத்தோம். இதெல்லாம் இன்று உங்கள் கையேட்டில் இரண்டு பக்கத்தில் இருக்கிறது. யாராவது உங்களிடம் வந்து எதையுமே இழக்கக் கூடாது என்று சொன்னால், அப்படியானால் காத்திருக்கப் போவது யார் என்று மறக்காமல் கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் எங்களில் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

இழந்ததை நான் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வந்தவர்களை வேறு யாரிடமும் அனுப்பாமல் ரஹிமாவே சந்தித்தாள். இருமலோடு வந்த ஒரு முதியவர், தன் நெஞ்சில் இருக்கும் நிழல் பழையதா புதியதா என்று ஒப்பிட முடியாமல் இன்னொரு சோதனைக்குப் போக வேண்டி வந்தது. முடிவு நல்லபடியாக வரும்வரை ரஹிமா சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் எடுத்த முடிவு சரிதான். சரியான முடிவும் யாரையாவது வாட்டும் என்பதை அந்த நாட்களில் அவள் முகத்தில் பார்த்தேன்.

பத்மாவைப் பற்றி, ஊசி வேலை செய்தது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நோயாளிகளின் கதையை நாம் விசாரிக்கக் கூடாது, அது நம் வேலையின் ஒழுங்கு. அதை நானும் மீறவில்லை. போன மாதம் என் காடியின் பக்கக் கண்ணாடியை யாரோ தட்டி உடைத்துவிட்டார்கள். தீவுக்குள் கிடைக்கவில்லை. ஜுருவுக்குப் போனால் கிடைக்கும் என்றார்கள். பாலத்தைக் கடந்து போனேன். கடைவரிசையில் கூட்டமாக இருந்த ஒன்றில் நுழைந்தேன்.

கல்லாவில் அவர்தான் இருந்தார். திரையில் பார்த்த அதே கண்கள். அவருக்கு என்னைத் தெரிய வழியில்லை. எனக்குப் பின்னால் ஒரு சீன மெக்கானிக், அவருக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு மலாய்க்காரர், இன்னும் சிலர். எல்லோருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் உடைந்த கண்ணாடியைக் காட்டி, "இது வேணும்க்கா," என்றேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரியான பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். விலையைச் சொன்னார். குறைக்கச் சொன்னேன். முறைத்தார். எனக்கு ஏனோ அந்த முறைப்பு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன்.

"சரியா பொருந்தலன்னா யாரைக் கேட்டு வரணும்க்கா?"

"என்னையே கேளுங்க," என்றார். "பத்..."

நின்றது.

வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கூரை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் உதடு அந்தச் சொல்லுக்காகத் திறந்தபடி இருந்தது. மீதி எழுத்து என் நாக்கின் நுனியில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் என் பின்னால் நின்ற மெக்கானிக் எடுத்துக் கொடுக்கவில்லை. ஹெல்மெட்காரரும் ஹேன்ட்ஃபோனிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அமைதியாக நின்றார். அந்த வரிசைக்கு இது பழக்கம்போல. தட்டோடு ஒருவர் வாசலில் நிற்கும்போது தெரு நிற்பதுபோல், அத்தனை பேரும் நின்றோம். இந்த இடைவெளி அவருடையதுதான், எங்கள் கேபிளுக்கு இதில் பங்கு இல்லை என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"...மா," என்றார் அவர். "அடுத்த ஆளு வாங்க."